மலைப்பாதையில் ஆயில் சூடேறினால்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களுக்கு

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். நடுவில் உள்ள சாலை ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். ஒரு டன் எடைக்குப் பக்கத்தில் வரும், எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும், சமதரையில் ஓடும் செலவுக்கு மேல் இரண்டு லிட்டருக்குக் கிட்டத்தட்ட பெட்ரோல் கூடுதலாக எரியும். அதில் முக்கால்வாசி சூடாக மாறி, சைலன்ஸர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் ஆயில் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டாவது கியர், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். இன்ஜினுக்கு முழு வேலை, ஆயிலை ஆற்றும் சின்ன ரேடியேட்டரான ஆயில் கூலருக்குக் காற்றே கிடையாது. மே மாத சீசனில் பர்லியாறு பக்கம் வண்டிகள் நின்று நின்று நகரும்போது இது இன்னும் மோசமாகும்.

அப்போது ஆயில் சூட்டைக் காட்டும் முள் 120 டிகிரியைத் தாண்டினால் புதிதாக வண்டி வாங்கியவர் பயந்துபோவார். பக்கத்தில் இருப்பவர் யாராவது "பெரிய கூலரா போட்டுடுங்க சார்" என்பார். தயவுசெய்து உடனே அதைச் செய்யாதீர்கள். பெரிய கூலர் உண்மையான கோளாறை மூடி மறைத்துவிடும். ஆயில் போகும் வழியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனைகள் முதலில், பாகங்களைக் கழற்றுவது அப்புறம், புதிதாக வாங்குவது கடைசியில்.

கையில் வைத்துக்கொள்ள சில எண்கள். சம்பில், அதாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், இருக்கும் ஆயில் 80 முதல் 110 டிகிரி வரை இருப்பது நல்ல நிலை. ஏற்றத்தில் கொஞ்ச நேரம் 120ஐத் தொடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. 130ஐ நெருங்கினால் வண்டியை ஓரம் கட்ட இடம் பாருங்கள். ஆயிலின் சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. சூட்டோடு சேர்த்து எப்போதும் ஆயில் பிரஷரையும் பாருங்கள். நல்ல எம்ஜிபி இன்ஜினில் சூடான பிறகு ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐட்லிங்கில் 10 முதல் 25 பிஎஸ்ஐ இருக்கும். 120 டிகிரியில் 50 பிஎஸ்ஐ காட்டும் வண்டியைவிட, 100 டிகிரியில் 25 காட்டும் வண்டிதான் என்னைக் கவலைப்பட வைக்கும்.

முதலில் மீட்டரைச் சோதியுங்கள்

இந்த மீட்டர்கள் ஐம்பது அறுபது வருடம் பழையவை. அவை சொல்வதை அப்படியே நம்பி இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சென்சாரைக் கழற்றி, மீட்டருக்குப் போகும் வயர் மாட்டியபடியே இருக்கட்டும். சென்சாரின் உடம்பிலிருந்து சேசிஸுக்குத் தனியாக ஒரு வயர் கொடுங்கள். முனை மட்டும் தண்ணீரில் இருக்கும்படி, பாத்திரத்தின் அடியில் படாமல் தொங்கவிட்டு இக்னிஷனைப் போட்டுப் பாருங்கள்.

முள் 100 காட்ட வேண்டும் என்று கோயம்புத்தூர்க்காரர் சொல்வார். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஊட்டியில் 93 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, குன்னூரில் சுமார் 94, மேட்டுப்பாளையத்தில் 99. ஊட்டியில் சோதித்து முள் 93 காட்டினால் உங்கள் மீட்டர் அருமையாக வேலை செய்கிறது. அதே இடத்தில் 100 காட்டினால் ஏழு டிகிரி கூட்டிச் சொல்கிறது.

எலக்ட்ரிக் மீட்டர் உள்ள பல பிரிட்டிஷ் கார்களில் ஸ்மித்ஸ் கம்பெனியின் 10 வோல்ட் ஸ்டெபிலைசர் ஒன்று டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். அதன் எர்த் துருப்பிடித்தால் அதோடு இணைந்த முள்கள் எல்லாம் கூடுதலாகக் காட்டும். பாதி டேங்க் பெட்ரோல்தான் இருக்கிறது என்று தெரிந்தும் பெட்ரோல் முள் முக்கால் காட்டுகிறதா? அப்படியானால் சூட்டு முள்ளையும் நம்ப வேண்டாம், ஸ்டெபிலைசரின் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். மெல்லிய செம்புக் குழாய் வழியாக வேலை செய்யும் பழைய வகை மீட்டராக இருந்தால் அந்தக் குழாயை மடித்துவிடாதீர்கள். உடைந்தால் மீட்டரோடு போச்சு.

சென்சார் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கூலருக்குப் போகும் வழியில் இருந்தால் சூடான ஆயிலைப் பார்க்கும், திரும்பி வரும் வழியில் இருந்தால் குளிர்ந்ததைப் பார்க்கும். இரண்டு நண்பர்கள் தங்கள் வண்டிகளின் எண்களை ஒப்பிட்டுக் குழம்புவது பெரும்பாலும் இதனால்தான். சம்பில் இருப்பதே நல்லது.

தண்ணீர் முள் என்ன சொல்கிறது

ஆயிலும் தண்ணீரும் சேர்ந்து சூடாகின்றனவா, ஆயில் மட்டுமா? இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். தண்ணீர் 85 டிகிரியில் அமைதியாக இருக்க, ஆயில் மட்டும் 130ஐத் தொட்டால் கோளாறு ஆயில் பக்கம்: அளவு, கூலர், தெர்மோஸ்டாட், ஹோஸ், பேரிங். இரண்டும் சேர்ந்து ஏறினால் ஆயில் கூலரைத் தொடாதீர்கள். ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப், இக்னிஷன் டைமிங், காற்று–பெட்ரோல் கலவை என்று அந்தப் பக்கம் போங்கள்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. 7 பிஎஸ்ஐ மூடி கொதிநிலையை ஏறக்குறைய 11 டிகிரி உயர்த்துகிறது. மேலே வரவர தண்ணீரின் கொதிநிலை இறங்குவதால் இங்கே அந்த மூடிதான் காவல். அதன் ரப்பர் இறுகிப்போயிருந்தால், கீழே எந்தத் தொல்லையும் தராத வண்டி குன்னூருக்கு முன்பே தண்ணீரைக் கக்கும்.

டிப் ஸ்டிக் சொல்லும் சேதி

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். மலையில் சமதரை கிடைப்பது கஷ்டம்தான். வீட்டு வாசல் சரிவில் பார்த்த அளவு தவறாகவே இருக்கும், பெட்ரோல் பங்க் தரை நல்லது. அளவு குறைந்தால் இருக்கும் ஆயிலே அடிக்கடி சுற்றி வந்து ஆற நேரம் கிடைக்காமல் சூடாகும். ஆனால் அதிகமானாலும் சூடாகும் என்பது பலருக்குத் தெரியாது. உள்ளே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலுக்குள் அடித்து நுரை கிளப்பும். நுரைத்த ஆயில் சூட்டையும் ஒழுங்காகக் கடத்தாது, பேரிங்கையும் காப்பாற்றாது. 'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்று ஊற்றும் பழக்கம் வேண்டாம்.

அப்புறம் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது. சோக் முழுசாக விடுபடாமல் இருக்கலாம், கார்புரேட்டர் வழிந்துகொண்டிருக்கலாம். இன்ஜினில் பொருத்திய மெக்கானிகல் பெட்ரோல் பம்ப் இருந்தால் அதன் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் நேராக சம்புக்குள் இறங்கும். இப்போது பங்குகளில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது, அதனால் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பெட்ரோல் கலந்த ஆயிலோடு ஏற்றம் ஏறுவது பேரிங்கைக் கொல்லும். காரணத்தைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகே வண்டியை எடுங்கள்.

பெரும்பாலான பழைய பிரிட்டிஷ் இன்ஜின்களுக்கு 20டபிள்யூ-50 ஆயில்தான் பொருத்தம். நவீன கார்களுக்கான மெல்லிய ஆயிலை ஊற்றினால் சூடான இடத்தில் பிரஷர் நிற்காது. கேம் ஷாஃப்ட்டுக்குத் தேவையான துத்தநாகச் சேர்மமும் அவற்றில் குறைவு.

கூலருக்குள் ஆயில் போகிறதா

கூலரோடு ஒரு தெர்மோஸ்டாட் இருக்கக்கூடும். ஆயில் ஏறக்குறைய 80, 85 டிகிரியைத் தொடும்வரை அது கூலருக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருக்கும், பிறகு திறக்கும். பின்னாளில் கூலர் மாட்டிய வண்டிகளில், ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தட்டுக்குள் இது ஒளிந்திருக்கும். கம்பெனியிலிருந்தே கூலரோடு வந்த எம்ஜிபியில் இப்படி ஒன்றும் இல்லை, எல்லா ஆயிலும் எப்போதும் கூலர் வழியாகவே போகும்.

வண்டியை நன்றாகச் சூடேற்றி, ஓட்டி வந்து நிறுத்தியதும் கூலருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். கையால் தொட வேண்டாம், 110 டிகிரி ஆயில் ஓடும் மெட்டல் இணைப்பு தோலை உரித்துவிடும். பளபளக்கும் அலுமினியத்தையும் பித்தளையையும் அந்தக் கருவி உள்ளதைவிடக் குறைவாகவே படிக்கும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டு அதன்மேல் குறிவையுங்கள். இதைச் செய்யாமல் கூலர் நன்றாகக் குளிர்விக்கிறது என்று ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

இப்போது படிப்பது எளிது. சம்ப் 115, கூலரின் இரண்டு பக்கமும் 40 என்றால் ஆயில் அங்கே போகவே இல்லை: தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது, அல்லது வழி அடைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் 110 என்றால் ஆயில் போகிறது, காற்றுதான் போகவில்லை. உள்ளே போகும்போது 110, வெளியே வரும்போது 95 என்றால் கூலர் தன் வேலையைச் செய்கிறது, சூட்டை உண்டாக்கும் பக்கம் தேடுங்கள். கூலரின் முகத்தில் சில வரிசைகள் சூடாகவும் சில வரிசைகள் ஆறிப்போயும் இருந்தால் உள்ளே பாதி அடைப்பு.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் அதையும் தண்ணீரில் போட்டு, நடுவில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து எந்த டிகிரியில் அசைகிறது என்று பார்த்துவிடலாம். 93 டிகிரியில் கொதிக்கும் ஊட்டித் தண்ணீரே இதற்குப் போதும்.

வெளிப்பக்கம்

காற்று சோம்பேறி, தடையில்லாத வழியில்தான் போகும். கூலரைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி இருந்தால் நெருக்கமான தகடுகளுக்குள் புகாமல் ஓரமாக நழுவிவிடும். அலுமினியத் தகடோ கெட்டியான ஃபோம் பட்டையோ வைத்து அந்த ஓரங்களை அடைப்பது, பெரிய கூலர் வாங்குவதைவிடப் பெரும்பாலும் அதிகப் பலன் தரும். கூலருக்கு முன்னால் நம்பர் பிளேட்டையும் கூடுதல் விளக்குகளையும் கட்டாதீர்கள். தகடுகள் நசுங்கியிருந்தால் பொறுமையாக நிமிர்த்துங்கள். மழைக்காலத்தில் சேறும், காய்ந்த நாட்களில் பூச்சியும் தூசும் அடைக்கும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்தால் போதும். வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தின் பிரஷர் கன் அந்த மெல்லிய தகடுகளை மடக்கிவிடும்.

சிறிய எலக்ட்ரிக் ஃபேன் ஒன்றைக் கூலருக்கு வைக்கலாமா என்று கேட்பார்கள். மலைப்பாதையின் மெதுவான ஏற்றத்துக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் வண்டியில் ஆல்டர்னேட்டர் இல்லாமல் லூகாஸ் டைனமோ இருந்தால் அதன் உச்சமே சுமார் 22 ஆம்பியர், ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றுமே தராது. மூடுபனியில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓட, அதோடு ஃபேனும் ஓடினால் பேட்டரி காலியாகும்.

உள்ளே உலோகம் இருந்தால்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். இன்ஜினில் எப்போதாவது பேரிங் போயிருந்தால், அப்போது இருந்த கூலரைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. எவ்வளவு விலையானாலும் சரி. கூலரின் குறுகலான வரிசைகளுக்குள் பேரிங் துகள்கள் போய் உட்கார்ந்துவிடும். மண்ணெண்ணெய் விட்டு அலசினாலும், காற்றடித்தாலும் எல்லாம் வெளியே வராது. இன்ஜினை லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்து, பழைய கூலரை மாட்டினால், முதல் சூட்டில் ஆயில் மெலிந்து வேகமாக ஓடும்போது அந்தத் துகள்கள் கிளம்பும். எம்ஜிபியில் ஆயில் பம்பிலிருந்து முதலில் கூலருக்கும், பிறகு ஃபில்டருக்கும் போவதால் கொஞ்சம் காப்பு உண்டு. ஃபில்டருக்குப் பிறகு கூலர் வரும்படி மாற்றிய வண்டிகளில் எல்லாம் நேராகப் புது பேரிங்குக்குள் போகும். இரண்டாவது முறை போன இன்ஜின்களில் பலவற்றின் கதை இதுதான்.

வண்டியின் பழைய வரலாறு தெரியாமல் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் ஆயில் மாற்றும்போது ஃபில்டரைத் திறந்து பாருங்கள். உள்ளே காகித எலிமென்ட் போடும் பழைய வகையானால் எளிது, எடுத்து விரித்துப் பார்க்கலாம். முழுசாகத் திருகி மாட்டும் ஃபில்டரை ஹேக்ஸாவால் அறுக்காதீர்கள், அறுக்கும் இரும்புத் தூளே உள்ளே விழுந்து குழப்பும். குழாய் வெட்டும் கட்டர் மாதிரிச் சுற்றி வெட்டும் கருவி வேண்டும். காகிதத்தை வெள்ளைத் துணியில் பிழிந்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாத வெள்ளி மினுமினுப்பு பேரிங்கின் மேல் பூச்சு. செம்பு நிறம் தெரிந்தால் மேல் பூச்சு தேய்ந்து அடியில் உள்ள அடுக்குவரை போய்விட்டது. அதன் பிறகு ஏற்றம் ஏறக் கூடாது. இன்ஜினைத் திறக்க வேண்டிய நேரம் அது.

உலோகம் ஒன்றும் இல்லை, வெறும் கசடுதான் என்றால் கூலரைச் சுத்தம் செய்யலாம். ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் மண்ணெண்ணெய் விட்டு, ஊறவிட்டு, குலுக்கி, வடிகட்டி, வெளியே வருவது தெளிவாகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடைசியில் உள்ளே ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் தங்கக் கூடாது. நன்றாக உலர்த்தி, புது ஆயில் கொஞ்சம் விட்டு அலசிக் கொட்டிய பிறகு மாட்டுங்கள். திரும்ப மாட்டும்போது ஹோஸ் இணைப்புகள் மேலேயோ பக்கவாட்டிலோ இருந்தால் உள்ளே காற்று சிக்காது.

தண்ணீரால் குளிர்விக்கும் வகைக் கூலர்களில் வேறொரு கோளாறு வரும். உள் சுவர் ஓட்டையானால், ஓடும்போது ஆயில் பிரஷர் அதிகம் என்பதால் ஆயில் தண்ணீருக்குள் போகும், நிறுத்திய பிறகு தண்ணீர் ஆயிலுக்குள் வரும். ரேடியேட்டரைத் திறந்தால் பால் ஊற்றிய காபி நிறத்தில் தெரியும். உடனே ஹெட் கேஸ்கட் என்று முடிவு கட்டாமல், கூலரைத் தனியாகக் கழற்றி பிரஷர் கொடுத்துப் பாருங்கள்.

ஹோஸ்

கூலர் தானாக உடைவதைவிட ஹோஸ் உடைவதே அதிகம். உடைந்தால் சம்பில் உள்ள ஆயில் முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் சாலையில் கொட்டிவிடும். வெளியே நன்றாக இருக்கும் ரப்பர் ஹோஸ் உள்ளே உரிந்து, அந்தத் தோல் வால்வு போல வழியை அடைப்பதும் உண்டு. வயது தெரியாத ஹோஸ் என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். பிரிட்டிஷ் கார்களில் இணைப்புகள் பெரும்பாலும் பிஎஸ்பி எனப்படும் பிரிட்டிஷ் குழாய் மரை, அரை இஞ்ச் அளவு. கோயம்புத்தூரில் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் கடைகளில் இது சாதாரண அளவு. சூடான இன்ஜின் ஆயில் ஓடப்போகிறது என்று சொல்லிக் கேளுங்கள். ஹீட்டர் தண்ணீர் ஹோஸை வெட்டி, ஹோஸ் கிளிப்பால் இறுக்கி வைத்திருக்கும் வண்டியைப் பார்த்தால் அன்றைக்கே கழற்றி எறியுங்கள்.

முறுக்கும்போது எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்று கூலரின் இணைப்பை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருக. ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் கூலரின் கழுத்து விரிசல் விடும், அது சில மாதம் கழித்துத்தான் கசியும். ஹோஸ் பாடித் தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலைப்பாதையின் குலுக்கலில் தகடு ஹோஸை அறுத்துவிடும்.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலையில் உறைபனி விழும். அந்தக் குளிரில் 20டபிள்யூ-50 கெட்டியாக இருக்கும். ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிரஷர் எகிறும், பழைய ஹோஸும் கூலரும் வெடிப்பது அந்த நேரத்தில்தான். சில நிமிடம் ஐட்லிங்கைவிடக் கொஞ்சம் மேலே ஓடவிட்டு, மெதுவாகக் கிளம்புங்கள்.

சூட்டை உண்டாக்கும் பக்கம்

கூலரும் ஹோஸும் நன்றாக இருந்தும் சூடு என்றால் முதலில் இக்னிஷன் டைமிங். தாமதமாகப் பொறி விழுந்தால் எரிய வேண்டியது நேரம் தவறி எரிந்து, சக்தியாக மாறாமல் சூடாக மாறும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் துருப்பிடித்து ஒட்டியிருந்தால், ஐட்லிங்கில் டைமிங் சரியாகக் காட்டும், 3,000 ஆர்பிஎம்மில் பின்தங்கும். டைமிங் லைட்டை வேகத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது கலவை. இதில் நீலகிரிக்காரர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. ஊட்டியின் மெல்லிய காற்றில், கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைந்த அழுத்தத்தில், கார்புரேட்டர் வண்டி பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும். அதனால் இங்கே டியூன் செய்பவர் கலவையில் பெட்ரோலைக் குறைத்து வைப்பார். அதே வண்டி மேட்டுப்பாளையம் இறங்கியதும் கலவை வற்றிப்போகும். எத்தனால் கலந்த பெட்ரோல் அதை இன்னும் வற்ற வைக்கும். திரும்பி ஏறும்போது, வெயிலும் கடினமும் அதிகமான கல்லாறு–பர்லியாறு பகுதியில்தான் கலவை மிகவும் வறண்டிருக்கும், இன்ஜின் கொதிக்கும். நீங்கள் அடிக்கடி கீழே போய் வருபவர் என்றால் மேலே கொஞ்சம் கறுப்புப் புகை வந்தாலும் பரவாயில்லை என்று, சமவெளிக்கு ஏற்றபடி டியூன் செய்வதே என் விருப்பம்.

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, கிளட்ச் நழுவுகிறதா என்றும் ஒரு பார்வை. இவை சீக்கிரம் தெரிந்துவிடும்.

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் உறவுதான் அது, ஹெரால்டின் சேசிஸை அடிப்படையாகக் கொண்டே கட்டியது. ஹெரால்டு வேலை பார்த்த பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஏர் கூல்டு, அதாவது தண்ணீருக்குப் பதில் காற்றால் ஆறும் வண்டிகள் வேறு மாதிரி. பழைய போர்ஷே 911இல் இன்ஜின் மீதே ஒரு கூலர் உண்டு. பின்னாளைய பல மாடல்களில் இரண்டாவது கூலர் முன்பக்க வலது மட்கார்டுக்குள் இருக்கும், அதற்கான தெர்மோஸ்டாட் வலது பின்சக்கரத்தின் பக்கம். சூடான பிறகும் முன்னால் போகும் குழாய் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். 911இல் ஆயில் அளவை இன்ஜின் சூடாகி, ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது, சமதரையில்தான் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்து ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும்.

வழியில் முள் ஏறினால்

கியரைக் குறைத்து இன்ஜினை இலகுவாகச் சுற்றவிடுங்கள். மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறுவதைவிட இரண்டாவதில் 3,000 ஆர்பிஎம் நல்லது, வாட்டர் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். முன்னால் லாரி இருந்தால் அதன் சூடான காற்றை வாங்கிக்கொண்டு ஒட்டிப் போகாமல் இடைவெளி விடுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்துவிடுங்கள். அப்படியும் 130ஐ நெருங்கினால் வளைவு இல்லாத அகலமான இடத்தில் ஒதுங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறந்து, இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். தண்ணீரை எதன் மீதும் ஊற்றாதீர்கள்.

பிரஷர் விழுந்தாலோ கசிவு தெரிந்தாலோ ஐட்லிங் எல்லாம் கிடையாது. உடனே இக்னிஷனை அணையுங்கள். சூடான சைலன்ஸர் மேல் ஆயில் பட்டால் தீப்பிடிக்கும், அதனால் பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சாலையில் சிந்திய ஆயிலின் மேல் மண்ணை அள்ளிப் போட்டு, பின்னால் வருபவர்களை நிறுத்தி எச்சரியுங்கள். கொண்டை ஊசி வளைவில் சிந்திய ஆயில் பைக்கில் வருபவரின் உயிரை எடுக்கும். உங்கள் வண்டியைப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.

கூலர் உடைந்து, அதைத் தவிர்த்து மெதுவாக வீடு சேர வேண்டும் என்றால் ஒன்றை மறக்காதீர்கள்: எம்ஜிபி போன்ற வண்டியில் ஹோஸ்களின் வாயை அடைக்கக் கூடாது. எல்லா ஆயிலும் அந்த வழியாகத்தான் பேரிங்குக்குப் போகிறது. இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் பிஎஸ்பி ஜாயின்ட் ஒன்றை டிக்கியில் வைத்திருங்கள். ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே தட்டு வைத்து மாட்டிய கூலர் என்றால் அந்தத் தட்டைக் கழற்றி ஃபில்டரை நேராக பிளாக்கில் மாட்டலாம், ஆனால் அதற்குப் பழைய ஒரிஜினல் ஸ்டட் வேண்டும். அதையும் டிக்கியில் வையுங்கள். கூடவே ஐந்து லிட்டர் ஆயில், பனியன் வேஸ்ட் ஒரு கட்டு, கையுறை.

இறக்கத்தில் ஆயில் பொதுவாக ஆறிவிடும். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும்போது, இன்ஜின் பிரேக்கில் உண்டாகும் பலமான உறிஞ்சல் வால்வு கைடுகள் வழியாக ஆயிலை இழுக்கும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் நீலப்புகை வந்தால், கீழே போனதும் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள்.

அளவுக்கு மீறிய குளிர்ச்சியும் நோய்தான்

ஜூலை மாத மூடுபனியில், வீட்டிலிருந்து ஊட்டி சேரிங் கிராஸ் போய்த் திரும்பும் வண்டியின் ஆயில் 60 டிகிரியைத் தாண்டாது. ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் உள்ளேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளுத்த மஞ்சள் கசடு தெரியும். பெரிய கூலர் மாட்டிய வண்டிகளில் இது கூடுதல். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் மழைக்காலத்தில் கூலருக்கு முன்னால் ஒரு தகடு வைத்து மூடிவிட்டு, கீழே இறங்கும் முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் நன்றாகச் சூடாகும்படி ஓட்டுங்கள்.

கழற்றிய பழைய ஆயிலை மூடியுள்ள டின்னில் சேர்த்து, பழைய ஆயில் சேகரிக்க அனுமதி பெற்றவர்களிடமே கொடுங்கள். குன்னூர் ஓடைகளில் ஓடும் தண்ணீர் பவானிக்குத்தான் போகிறது, கீழே அதைக் குடிக்கிறார்கள்.

வேலை எல்லாம் முடிந்ததும் நேராக ஊட்டிக்குக் கிளம்பிவிடாதீர்கள். கூலரும் ஹோஸ்களும் இப்போது காலியாக இருக்கின்றன. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, அணைத்து, டிப் ஸ்டிக் பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள். விடிகாலையில் கல்லாறுவரை போய் நிறுத்தி ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துப் பாருங்கள், பர்லியாற்றில் இன்னொரு தடவை. இரண்டு இடத்திலும் தண்ணீர் சூடு, ஆயில் சூடு, பிரஷர், கூலரின் இரு பக்கச் சூடு நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மே மாதம் முள் ஏறும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் வேண்டும்.